ஒன்பதாயிரம் மணி நேரம்

மூக்குதான் முதலில் சொன்னது.
பகாவ் பட்டணத்தில் டயர் கடைக்குப் பின்னால்
நாங்கள் வாடகைக்கு எடுத்த கொட்டகையில்
ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை.
சாலட் இலைகள் மேலே பளிச்சென்றுதான் நின்றன;
ஒன்றைத் தூக்கினால்
வேர் பழுப்பு நூலாய் வழுக்கிக்கொண்டு
விரலோடு வந்தது.

மண்ணே இல்லாத இடத்தில்
நோய் எங்கிருந்து வரும் என்றாள் தமயந்தி.
செம்பனை லோரி கிளப்பும் தூசியில் வரலாம்,
நம் செருப்பில் வரலாம்.
பூஞ்சை மாதிரி ஒன்றாம், அதன் வித்துக்கு வாலுண்டாம்,
நீந்தியே வரலாம்.
வந்துவிட்டால் பிறகென்ன,
ஒரே தொட்டி, ஒரே குழாய்,
எழுநூற்று இருபது செடிக்கும்
ஒரே கிண்ணத்தில் சோறு.

மீன்தொட்டிக் கடை லியூ கொண்டுவந்தான்
முழங்கை நீளத்தில் ஓர் எஃகுக் குழல்.
உள்ளே கண்ணாடி உறை, உறைக்குள்ளே விளக்கு,
சுற்றிலும் தண்ணீர் ஓட இடம்.
திறந்து பார்க்காதே, கண் போய்விடும் என்றான் மலாயில்.
பார்க்கக் கூடாத வெளிச்சத்துக்கு
முந்நூற்று எண்பது ரிங்கிட்டா?
கிருமியைக் கொல்லுமா என்று கேட்டேன்.
கொல்லுகிறதோ இல்லையோ,
பிள்ளை பெற விடாது அக்கா, அது போதும் என்றான்.

கடந்து போவதைத்தான் அது தொடும்.
வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை
அதால் ஒன்றும் செய்ய முடியாது.
எழுநூற்று இருபதையும் பிடுங்கிக் குப்பையில் போட்டு
குளோரக்ஸ் ஊற்றிக் குழாய் கழுவினோம், இரண்டு நாள்.
கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் இறங்காது என்பதால்
முன்னால் ஒரு வடிகட்டி.
கண்ணாடியில் சுண்ணாம்பு படியும் என்பதால்
மாதம் ஒருமுறை புளிக்காடி.

மூன்றாம் வாரம் புது நாற்றெல்லாம்
நரம்பு மட்டும் பச்சையாய், மஞ்சள் பூத்தது.
தொட்டி அடியில் துருப்பொடி.
உரத்தில் நாங்கள் கலந்த இரும்பை
விளக்கு உடைத்துப் போட்டிருக்கிறது.
எது கிருமி, எது சாப்பாடு
என்று அதற்கென்ன தெரியும்.
அன்றிலிருந்து இரும்பு மட்டும் தனிப் புட்டியில்,
வாரம் இரண்டு முறை, என் கையால்.

அதற்குப் பிறகு நல்ல வருஷம்.
சிரம்பானில் ஒரு ஹோட்டல், குவாலா பிலாவில் இரண்டு கடை.
இரவு கொட்டகையைப் பூட்டுமுன்
குழலின் முனையில் கசியும் நீலத்தை
எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன்,
கோயிலைத் தாண்டும்போது
கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி.
எரிகிறது. சரி.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது
அதே துணி வாடை.
வடிகட்டி சுத்தம். தொட்டி சுத்தம். மோட்டார் ஓடுகிறது.
விளக்கு எரிகிறதே தமயந்தி, இதோ பார் என்றேன்.
அவள் விளக்கைப் பார்க்கவில்லை.
அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து
பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள்:
ஒன்பதாயிரம் மணி நேரம்.
மாட்டிய தேதியைக் கேட்டாள்.
தொலைபேசியில் பெருக்கினாள்.
பத்தாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

நமக்குத் தெரியும் நீலம் வேறு,
வேலை செய்யும் வெளிச்சம் வேறு.
அது போன பிறகும்
இது எரிந்துகொண்டே இருக்குமாம்.
ஐம்பத்தெட்டு இரவு
நான் தலையாட்டிவிட்டுப் போனது
வெறும் அலங்கார விளக்குக்கு.

அவள் என்னைத் திட்டவில்லை.
ஹோட்டலுக்கு அவளே பேசினாள்,
பேசும்போது வெளியே நடந்து போய்விட்டாள்.

பழையதை லியூ செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனான்,
உடைந்தால் பாதரசமாம்.
புதியதை மாட்டிவிட்டு
கதவுப் பக்கத்துச் சுவரில்
மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.
இருபத்து நாலு. நாற்பத்தெட்டு. எழுபத்திரண்டு.

பூட்டும் நேரம்.
தண்ணீர் குழலுக்குள் போகும் சத்தம் கேட்கிறது.
முனையில் நீலம் இருக்கும், எட்டிப் பார்க்கவில்லை.
பேனாவை எங்கே வைத்தேன்?